சாம்பிள் ஃப்ரிட்ஜில் இருந்த கிர்ணிப்பழம்

எங்கள் கேன்டீனில் எனக்குத் தெர்மாமீட்டர் என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், ஆனால் எனக்குக் கேட்கும்படியாகச் சொல்வார்கள். எண்ணூரில் ஒரு தொழிற்சாலைக்குச் சாப்பாடு சமைத்துப் போடும் ஒப்பந்தக் கேன்டீன் அது. அங்கே உணவுப் பாதுகாப்பைக் கவனிப்பது என் வேலை. சமைக்கிறவர்கள் தலையில் தொப்பி இருக்கிறதா, நகம் வெட்டியிருக்கிறார்களா, சாம்பார் பரிமாறும்வரை சூடாக இருக்கிறதா, தண்ணீர்த் தொட்டியைக் கழுவினார்களா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டிலும் நான் அப்படித்தான். நேற்று வைத்த மீன் குழம்புக்குத்தான் ருசி அதிகம் என்று சொல்கிற வியாசர்பாடியில், மீந்த குழம்பை ஃப்ரிட்ஜில் வைக்காமல் விட்டதற்காக மாமியாரிடம் சண்டை போட்ட மருமகள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அப்படிப்பட்டவளுக்குச் சாப்பாட்டினால் நோய் வந்தது. சிரிக்க நினைப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். என் மகள் பிழைத்திருந்தால் நானும் கூடச் சேர்ந்து சிரித்திருப்பேன்.

ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் ஒன்றும் ஆகாது என்று என்னைப் போல நம்புகிற கர்ப்பிணிப் பெண்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இதில் தேசம்மா என்று ஓர் அக்கா வருவாள். அது அவள் பெயர் இல்லை. என் பெயரையும் வெண்ணிலா என்று மாற்றியிருக்கிறேன். ஊரையும் குப்பத்தையும் கொஞ்சம் நகர்த்தி வைத்திருக்கிறேன். ஏன் என்று படித்து முடிக்கும்போது தெரியும்.

முதலில் சாம்பிள் ஃப்ரிட்ஜ் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் கேன்டீனில் அன்றன்று சமைத்த ஒவ்வொரு பதார்த்தத்திலும் ஒரு கரண்டி எடுத்து, சின்ன டப்பாவில் மூடி, தேதி ஒட்டி, தனியாக ஒரு ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். சாப்பிட்டவர்களுக்கு வாந்தி பேதி என்று புகார் வந்தால் அந்த டப்பாக்களைச் சோதனைக்கு அனுப்பி, எதில் கோளாறு என்று கண்டுபிடிப்பார்கள். சில நாள் கழித்துப் பழையதைக் கொட்டிவிட்டுப் புதியதை வைப்போம். அதற்குள் வேறு எதையும் வைக்கக் கூடாது. ஐந்து டிகிரிக்கு மேல் ஏறவும் கூடாது. எங்களுடையது எப்போதும் நாலில் நிற்கும். பூட்டுப் போட்டுச் சாவியை நான் இடுப்பில் வைத்திருப்பேன். ஆய்வுக்கு வருகிற அதிகாரி முதலில் கேட்பது அந்தப் பெட்டியைத்தான். திறப்பார், நாலு என்று பார்ப்பார், தலையாட்டுவார், மூடுவார். எனக்குப் பெருமை பிடிபடாது.

அந்தப் பெட்டியை ஒரு நாளும் யாரும் நிறுத்திக் கழுவியதில்லை. எப்படி நிறுத்துவது? உள்ளே எப்போதும் சாம்பிள் இருக்கும். நிறுத்தினால் சூடு ஏறும். சூடு ஏறினால் விதி மீறல். அதனால் தட்டுகளை ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. கதவு ரப்பரின் மடிப்புக்குள்ளும், கீழே தண்ணீர் தேங்கும் பள்ளத்திலும் யாருடைய கையும் போனதில்லை. விதியை மீறக் கூடாது என்பதற்காகவே அந்த அழுக்கை அங்கே வைத்துக் காப்பாற்றியிருக்கிறோம். இது எனக்கும் தோன்றவில்லை, என்னைச் சோதித்த அதிகாரிகளுக்கும் தோன்றவில்லை.

தேசம்மா அக்கா எங்கள் கேன்டீனில் காய் நறுக்குகிறவள். முகத்துவாரக்குப்பத்திலிருந்து வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கும் எனக்கும் தினம் ஒரு சண்டை உண்டு. பெரும்பாலும் தொப்பிக்காக.

"அத்த மாட்டிக்கினா எனுக்குக் காது கேக்க மாட்டேங்குது" என்பாள்.

"காய் நறுக்கக் காது எதுக்குக்கா?"

"நீ திட்றது கேக்கணுமே."

நான் கர்ப்பமான செய்தி தெரிந்த அன்றிலிருந்து அவள் மறு பேச்சில்லாமல் தொப்பி போட்டுக்கொண்டாள். கேட்டதற்கு, வயிற்றுப் பிள்ளைக்காரியைக் கத்த வைக்கக் கூடாது என்றாள். ஆறாம் மாதம் தாண்டியும் எனக்கு வாந்தி நிற்கவில்லை. சோற்றைக் கண்டாலே குமட்டியது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஒரு நாள் மீஞ்சூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டு வந்தவள் ஒரு கிர்ணிப்பழம் வாங்கி வந்தாள். அறுத்து, விதை நீக்கி, மேலே கொஞ்சம் சர்க்கரை தூவிக் கொடுத்தாள். அது ஒன்றுதான் என் வயிற்றில் தங்கியது. அதற்குப் பிறகு ஒரு பழம் தீர்ந்ததும் அடுத்தது வரும்.

ஒரு முழுப் பழத்தை ஒரே நாளில் நான் சாப்பிட முடியாது. சமையற்கட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் மீன் வாடை பிடித்துக்கொள்ளும், போதாக்குறைக்கு ஆளாளுக்கு எடுத்து வாயில் போடுவார்கள். யாரும் கை வைக்காத பெட்டி ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"இது ரூல்ஸ்படி தப்புக்கா" என்று நான் சொன்னது உண்மை.

"வயித்துப் புள்ளைக்கு இன்னா ரூல்ஸு? இதவிட சுத்தமான பொட்டி எங்க கீது? நாலுல கீறது எதுவும் கெடாதுன்னு நீதான எங்களுக்குப் பாடம் எடுத்த?"

என் பாடத்தையே எனக்குத் திருப்பிச் சொன்னவளிடம் நான் என்ன சொல்வது? பூட்டைத் திறந்தேன். அவள் எவர்சில்வர் டப்பாவைக் கீழ்த் தட்டில் ஓரமாக வைத்தாள். மதியச் சாப்பாட்டு நேரம் ஓய்ந்ததும் என்னை ஸ்டூலில் உட்கார வைத்து, சில்லென்று இருக்கும் அந்தத் துண்டுகளைத் தருவாள். அந்தக் கோடை முழுவதும் நான் சந்தோஷமாக இருந்த நேரம் அதுதான். அதை இப்போது நினைத்தாலும் வாயில் குளிர்ச்சி வருகிறது, உடனே அழுகையும் வருகிறது.

காய்ச்சல் வளைகாப்பு முடிந்த வாரத்தில் வந்தது. குளிர், முதுகு வலி, கை கால் உளைச்சல். தெருமுனை கிளினிக்கில் வைரஸ் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்தார்கள். அந்த டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் பிளாக்கில் அப்போது பாதி வீட்டில் காய்ச்சல். எனக்கு விட்டது, மறுபடி வந்தது. அதைவிட, உள்ளே பிள்ளையின் உதை குறைந்துவிட்டதாகத் தோன்றியது. பொட்டப்பிள்ளையாக இருக்கும், அதுதான் சாந்தமாக இருக்கிறது என்று மாமியார் தேற்றினார். என் கணவன் பிரபா கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். துறைமுக வரிசையில் வண்டியோடு நின்றவன், போனில் என் குரலைக் கேட்டதும் சாவியைக் கிளீனரிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டான்.

"நீ ஒன்னியும் பேசாத. கெளம்பு."

அரசு மகப்பேறு மருத்துவமனையில் ஆண்களுக்கு வாசல் வரைதான் அனுமதி. வெளியே தகரக் கொட்டகை ஒன்று இருக்கும். அதில் கணவன்மார்கள் தரையில் துண்டு விரித்து, பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களா என்று ஒலிபெருக்கியைப் பார்த்தபடியே இருப்பார்கள். உள்ளே நீள பெஞ்சில் நாங்கள். எல்லோர் கையிலும் வளைகாப்பு வளையல். யாராவது அசைந்தால் பெஞ்சே கலகலக்கும். என் பக்கத்திலிருந்த பெண் நான் நடுங்குவதைப் பார்த்துத் தன் சால்வையை எடுத்துப் போர்த்தினாள். அவள் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை.

வயிற்றில் பெல்ட் கட்டி, குழந்தையின் இதயத்துடிப்பைக் காகிதத்தில் கோடாக வரைகிற ஓர் இயந்திரம் இருக்கிறது. நலமாக இருக்கும் குழந்தையின் கோடு ஏறி இறங்கி ஓடும். என்னுடையதைப் பார்த்துக்கொண்டிருந்த சிஸ்டர் என்னை இடப்பக்கம் திரும்பிப் படுக்கச் சொன்னார். பிறகு வலப்பக்கம். கோடு தட்டையாகவே போனது. அவர் எழுந்து டாக்டரைக் கூப்பிடப் போனார். அப்போதுதான் எனக்கு முதல்முறையாக உண்மையான பயம் வந்தது.

டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. ரத்தம் எடுத்து இரண்டு குப்பிகளில் விட்டார்கள். பிளட் கல்ச்சர் என்றார். ரத்தத்தில் கிருமி இருந்தால் அந்தக் குப்பியில் வளர்ந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும், ஆனால் வளர்வதற்கு அவகாசம் வேண்டும். அந்த அவகாசம் என் பிள்ளைக்கு இல்லை என்று டாக்டரே சொன்னார். ஊசி ஏற்ற இடம் வேண்டும் என்று சிஸ்டர் என் கையில் சோப்பு நுரை போட்டு வளையல்களைக் கழற்றினார். தேசம்மா அக்கா போட்டுவிட்ட பச்சை வளையல் மட்டும் வரவில்லை. அதை உடைக்க வேண்டியதாயிற்று.

வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். இடுப்புக்குக் கீழே மரத்திருந்தது, காது மட்டும் நன்றாகக் கேட்டது. பனிக்குடத் தண்ணீர் பச்சையாக இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். வயிற்றுக்குள்ளேயே குழந்தை மலம் கழித்திருந்தால் தண்ணீர் அப்படி ஆகும். நிறைமாதக் குழந்தைகளுக்கு அது நடப்பதுண்டு. ஏழு மாதத்தில் நடந்தால் கிருமியைச் சந்தேகிக்க வேண்டும் என்று டாக்டர் பிறகு விளக்கினார். பிறந்தவள் அழுதாளா என்று கேட்டேன். ஒரு முறை பூனைக்குட்டி போலச் சத்தம் கேட்டது. அதுதான் என்றார்கள்.

மறுநாள் சக்கர நாற்காலியில் வைத்து என்னைப் பச்சிளம் குழந்தைகள் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தாள். மேலெல்லாம் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். மூக்கில் குழாய். பெட்டியின் முகப்பில் சூட்டைக் காட்டும் எண் எரிந்தது. பழக்க தோஷம், நான் முதலில் பார்த்தது என் மகளை அல்ல, அந்த எண்ணை. சரியாக இருக்கிறது என்று நிம்மதிப்பட்டுவிட்டுத்தான் அவள் முகத்தைப் பார்த்தேன். பக்கவாட்டு ஓட்டை வழியாகக் கையை விடச் சொன்னார்கள். கிருமிநாசினி பூசிய விரலை நீட்டினேன். பிடித்துக்கொண்டாள். ஏழு மாதத்துப் பிள்ளைக்கு அத்தனை பிடி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நகங்கள் அழகாக இருந்தன. அவளுக்குப் பெயர் வைத்திருக்கவில்லை. காலில் கட்டிய பட்டையில் வெண்ணிலாவின் குழந்தை என்று மட்டும் எழுதியிருந்தார்கள்.

பிரபா தினமும் வீட்டிலிருந்து ஃபிளாஸ்க்கில் மிளகு ரசம் கொண்டு வந்து, வார்டுக்குள் வருகிற யாராவது ஒரு அம்மாவிடம் கொடுத்து அனுப்புவான். ஒவ்வொரு முறையும் அது கொதிக்கக் கொதிக்க இருக்கும். எனக்காக வாசல் டீக்கடையில் மறுபடி சுட வைத்து வாங்கி வருகிறான் என்று பின்னால் தெரிந்தது. சூடு இல்லாததை நான் தொட மாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். லாரி முதலாளி போன் செய்துகொண்டே இருந்தார். வேறு டிரைவரைப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டான். அடுத்த மாதம் என்ன செய்வது என்று நான் கேட்டதற்கு, மொதல்ல ரெண்டு பேரும் வூட்டுக்கு வாங்க என்றான்.

கல்ச்சர் முடிவு வந்த அன்று டாக்டர் என் கட்டிலிலேயே உட்கார்ந்தார். டாக்டர்கள் கட்டிலில் உட்கார்ந்தால் நல்ல செய்தி இல்லை என்று அதற்குள் கற்றிருந்தேன்.

"லிஸ்டீரியான்னு ஒரு கிருமிம்மா. சாப்பாடு வழியா வரும். நல்லா இருக்கறவங்க சாப்பிட்டா பெரும்பாலும் ஒண்ணும் தெரியாது. கர்ப்பிணிங்களுக்கு லேசா காய்ச்சல் மாதிரி வந்துட்டு, ரத்தம் வழியா குழந்தைக்குப் போயிடும். சாப்பிட்டு வாரக்கணக்குல கழிச்சுக்கூட வரலாம். சமைக்காம, சூடு பண்ணாம எதுனா சாப்பிட்டீங்களா?"

"நான் எல்லாத்தையும் சூடாத்தான் டாக்டர் சாப்பிடுவேன். இல்லன்னா ஃப்ரிட்ஜ்ல வெச்சது."

"அதுதாம்மா இந்தக் கிருமியோட விசேஷம். மத்ததெல்லாம் குளிர்ல அடங்கிடும். இது ஃப்ரிட்ஜ்லயும் மெதுவா வளரும்."

"எத்தனை டிகிரில?"

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "நாலு டிகிரிலகூட" என்றார்.

இதுவரை என் வாழ்க்கையில் யாரும் என்னை அறைந்ததில்லை. அறைந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது. மருந்து ஏற்றுகிறோம், எனக்குச் சரியாகிவிடும், குழந்தைக்கும் அதே மருந்துதான் போகிறது, நுரையீரல்தான் கவலையாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கீழ்த் தட்டில் ஓரமாக இருக்கும் எவர்சில்வர் டப்பா மட்டுமே தெரிந்தது.

என் மகள் அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. ஒரு மதிய நேரம். என்னைக் கூப்பிட்டு, குழாய்களை எடுத்துவிட்டு, துணியில் சுற்றி முதல்முறையாக மடியில் கொடுத்தார்கள். அன்றைக்கு மட்டும் பிரபாவையும் உள்ளே விட்டார்கள். அவன் தொப்பி, கவுன் எல்லாம் மாட்டிக்கொண்டு வந்து, தொடலாமா என்று சிஸ்டரிடம் கேட்டான். என் மகள் என் மடியில்தான் போனாள். உடம்பு ஆறிக்கொண்டு வருவது என் கைக்குத் தெரிந்தது. வாழ்நாளெல்லாம் சூட்டையும் குளிரையும் அளந்தவளுக்கு அதற்கு ஒரு கருவி வேண்டியிருக்கவில்லை. நான் அந்தக் கையை எடுக்கவே இல்லை.

மூலக்கொத்தளத்தில் அடக்கம் செய்தார்கள். நான் போகவில்லை, எனக்கு மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. பிரபாதான் இரண்டு கையிலும் ஏந்திப் போனான். திரும்பி வந்தவன் கொட்டகையில் உட்கார்ந்து எனக்குப் போன் செய்தான். "எடம் நல்லா கீது, பக்கத்துல ஒரு வேப்ப மரம் கீது" என்றான். இருவரும் போனை வைக்காமல் அப்படியே இருந்தோம்.

அடுத்த நாள் எனக்குப் பால் கட்டியது. உடம்புக்கு விவரம் தெரியவில்லை, பிள்ளை இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டது. மார்பு கல்லாகி, சட்டை நனைந்து, காய்ச்சல் வேறு. மாத்திரை கொடுத்திருந்தார்கள். பார்வையாளர் நேரத்தில் தேசம்மா அக்கா வந்தாள். கையில் வாழை இலைப் பொட்டலம். திரையை இழுத்துவிட்டு, பொட்டலத்தைப் பிரித்தாள். நெருக்கமாகக் கட்டிய மல்லிகைச் சரம். பால் வற்றுவதற்கு மார்பில் மல்லிகை வைத்துக் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம்.

"பஸ்ல வாடிப் போவும்னு ஐஸ் வச்சு எடுத்தாந்தேன். சில்லுனு கீதா? கொஞ்சம் பொறுத்துக்கோ."

அவளே வைத்து, பழைய புடவைத் துணியால் சுற்றிக் கட்டினாள். கட்டும்போது அவள் கண்ணிலிருந்து என் தோளில் சொட்டிக்கொண்டே இருந்தது. எதனால் பிள்ளை போனது என்று டாக்டர் சொன்னாரா என்று கேட்டாள்.

"ஏதோ கிருமியாம்க்கா."

"ஆஸ்பத்திரியே கலீஜு. இங்கதான் ஒட்டிக்கினு இருந்துருக்கும். எங்கிட்ட இருந்தவரிக்கும் நல்லாதான இருந்த."

நான் வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். கையுறை போடு, தொப்பி போடு என்று ஆயிரம் முறை அவளிடம் சொன்ன வாய். இதை மட்டும் சொல்ல வரவில்லை.

நான் அவளிடம் சொல்லாதது பிரபாவுக்குப் பிடிக்கவில்லை. அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். "அந்தம்மாவுக்குத் தெரிய வாணாமா? நாம மட்டும் இத்தத் தூக்கிக்கினு திரியணுமா?" என்று போனில் கத்தினான். தெரிந்தால் அவள் என்ன ஆவாள் என்று கேட்டேன். அவன் குரலை இறக்கிக்கொண்டு, "நீ சொல்றது கரெக்ட்டுதான், ஆனா எனுக்கு ஆறல" என்றான். எனக்கும் ஆறவில்லை. ஆனால் கோபத்தைத் தூக்கி அவள் மேல் வைக்கப் பார்த்தால், மல்லிகை கட்டிய அந்தக் கைதான் கண்ணில் வந்து நிற்கிறது.

உணவு வழியாக வந்த நோய் என்பதால் விசாரிக்க உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்தார். எங்கள் கேன்டீனுக்கு ஆய்வுக்கு வருகிற அதே ஆள்தான். அதட்டாமல் பேசுகிற மனிதர். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார், ஆனால் என் முகத்தைப் பார்க்க அவருக்குச் சங்கடமாக இருந்தது. நான் அவரைக் காக்க வைக்கவில்லை. சாம்பிள் ஃப்ரிட்ஜில் கிர்ணிப்பழம் வைத்துச் சாப்பிட்டதையும், அந்தப் பெட்டியை ஒரு நாளும் நிறுத்திக் கழுவாததையும், கதவு ரப்பரைச் சோதிக்க வேண்டும் என்பதையும் நானே சொன்னேன். அந்தத் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் இன்னும் எத்தனையோ பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் வயிற்றில் இருப்பதற்காகவாவது அந்தப் பெட்டி திறக்கப்பட வேண்டும்.

"பழத்தை யார் வெட்டி வெச்சாங்க?" என்று கேட்டார்.

"நான்தான் சார்."

எழுதப் போனவர் நிறுத்தினார். போன ஆய்வுக்கு அவர் வந்திருந்தபோது தேசம்மா அக்கா அதே டப்பாவை நீட்டி, ஒரு துண்டு சாப்பிடு சார், வெயில்ல வந்துகீறே என்று சொல்லியிருந்தாள். டூட்டியில் எதுவும் சாப்பிடக் கூடாது என்று அவர் சிரித்துக்கொண்டே மறுத்திருந்தார். டப்பா யாருடையது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

"நீங்கதான் வெட்டினீங்க."

"ஆமா சார். சாவி எங்கிட்டதான் இருக்கும்."

"அப்படியே எழுதிக்கட்டுமா?"

"எழுதிக்குங்க சார்."

எழுதினார். போகும்போது, "நானும் அந்தப் பெட்டியை எத்தனை வாட்டி தொறந்து மூடியிருக்கேன்" என்றார். அவருக்கும் வீட்டில் தூக்கம் வந்திருக்காது.

கதவு ரப்பரின் மடிப்பில் அந்தக் கிருமி இருந்தது. பழத்தோலில் ஒட்டி வந்து பெட்டிக்குள் குடியேறியதா, முன்பே அங்கே இருந்து பழத்துக்கு வந்ததா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கேன்டீனை மூடி, எல்லாவற்றையும் கழுவி, குறைகளைச் சரிசெய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுத்து, பிறகு திறந்தார்கள். இப்போது அங்கே இரண்டு சாம்பிள் ஃப்ரிட்ஜ் இருக்கிறதாம். ஒன்றில் சாம்பிள் இருக்கும்போது இன்னொன்றை நிறுத்தி, ரப்பரைக் கழற்றிக் கழுவுகிறார்கள். என்னை வேலையை விட்டு நிற்கச் சொன்னார்கள். விதி தெரிந்தவளே விதியை மீறினால் வேறு என்ன செய்வார்கள்? தேசம்மா அக்கா அங்கேயேதான் காய் நறுக்குகிறாள். எனக்கு வேலை போனதற்கு ஒப்பந்தக்காரரைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள்.

நான் வீட்டுக்கு வந்து, தையல் ஆறி, நடக்கத் தொடங்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பிரபாவும் இருந்தான். பையிலிருந்து ஒரு கிர்ணிப்பழத்தை எடுத்தாள். சீசன் முடிந்துவிட்டது, மீஞ்சூர் முழுக்க அலைந்து கிடைத்தது இது ஒன்றுதான் என்றாள். நான் தடுப்பதற்குள் எங்கள் சமையலறைக்குள் போய், பழத்தைத் தேய்த்துக் கழுவினாள். கத்தியைக் கழுவினாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே, விரலிடுக்கு உட்பட. அறுத்து, விதை நீக்கி, சர்க்கரை தூவி, தட்டில் எடுத்து வந்து என் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"ஒடம்பு எப்பிடி எளச்சிகீது பாரு. துன்னு."

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒன்னு சொல்லட்டா? எம் மனசு தாங்காம கீது. நீ ஒரு வாய் சோறு துன்னாம கெடந்த. அந்தக் கொயந்த உள்ள எத்தத் துன்னு வளந்துச்சு? நான் குடுத்த இத்தத்தான். அது அத்தினி நாளு உசுரோட இருந்துச்சுன்னா அதுக்கு நான் குடுத்த இந்தக் கிர்ணிதான். நீ வெரல நீட்டுனப்ப புடிச்சுதுன்னு சொன்னியே. அந்தத் தெம்பு இதுலேர்ந்து வந்ததுதான். அத்த நெனச்சுக்கினுதான் நான் படுக்கறேன், எந்திரிக்கறேன். நான் சொல்றது சரிதான?"

பிரபா எழுந்து வெளி வராந்தாவுக்குப் போய்விட்டான். அங்கே அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது கதவு வழியாகத் தெரிந்தது.

"சரிதான்க்கா" என்றேன்.

அவள் ஒரு துண்டை எடுத்து என் வாய்க்கு நேரே நீட்டினாள். வாயைத் திறந்தேன். மென்றேன், விழுங்கினேன்.

"எப்பிடி கீது?"

"நல்லா இனிப்பா கீதுக்கா" என்றேன். அவள் முகம் மலர்ந்து, அடுத்த துண்டை எடுத்தாள்.